மூன்றாம் ஓலையில் நான் எழுந்து நின்றது

மக்களே,

நீ கேள்விப்பட்டது உண்மைதான். இன்று காலை நம் கோயிலில் உன் கல்யாண ஓலையை, தடை உண்டா என்று சபையைக் கேட்கிற அறிவிப்பை, மூன்றாவது தடவையாக வாசித்தபோது நான் எழுந்து நின்றேன். உன் ரெத்தினம் அத்தை அதைக் கண்ட மாத்திரத்தில் பக்கவாசல் வழியாக வெளியே ஓடி, செருப்புகூடப் போடாமல் வேப்பமரத்து மூட்டில் நின்று உனக்குப் போன் போட்டதும் உண்மைதான். ஆனால் நான் என்ன சொன்னேன் என்று கேட்க அவள் உள்ளே இல்லை. அவள் சொன்ன பாதியைக் கேட்டு நீ போனை அணைத்துவிட்டாய். அரைகுறையாகப் பார்த்துவிட்டு ஓடுவது நம் குடும்பத்து வியாதி. எனக்கும் அது உண்டு, பிறகு சொல்கிறேன்.

இப்போது நான் உன் விடுதியின் கீழ்த்தளத்தில், பார்வையாளர் அறை பெஞ்சில் இருக்கிறேன். வார்டன் அம்மா இரண்டு தடவை மாடி ஏறி இறங்கிவிட்டார். "வரமாட்டேன்னு சொல்லுதா சார், நான் என்ன செய்யட்டு?" என்று கையை விரித்தார். ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்களாம். வியாழக்கிழமை உனக்குக் கல்யாணம். கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் உன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டியவன் நான். நீ இந்த விடுதியிலிருந்தே புறப்படப் போவதாகவும், அப்பன் வரவேண்டாம், சித்தப்பா கையைப் பிடித்து நடந்துகொள்வேன் என்று சொன்னதாகவும் அந்த அம்மாதான் சொன்னார். உன் அம்மாவை ஏன் கூட்டிவரவில்லை என்று நினைப்பாய். கூப்பிட்டேன். "நான் கூப்பிட்டா அவ வந்திருவா. ஒங்களுக்கு அது போதாது. நீங்க கூப்பிட்டு அவ வரணும், போங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். ஆகவே வார்டனிடம் தாள் கேட்டு வாங்கினேன். உங்கள் விடுதியின் பழைய சாப்பாட்டுப் பட்டியலின் பின்பக்கம்தான் கிடைத்தது. திருப்பிப் பார்த்து எந்தக் கிழமை முட்டை என்று ஆராயாமல் நான் எழுதியிருப்பதை மட்டும் வாசி.

கோயிலில் என்ன சொன்னேன் என்பதை முதல் வரியிலேயே எழுதியிருக்கலாம். எழுதமாட்டேன். படி எழுதாமல் விடை மட்டும் எழுதின பிள்ளைகளுக்கு ஆயுசு முழுக்க மார்க் போடாத வாத்தி நான். கடைசித் தாளைப் புரட்டாதே. உன்னை எனக்குத் தெரியும், இதற்குள் புரட்டியிருப்பாய். மரியாதையாகத் திரும்பி வா.

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்குகிறேன். இரண்டாவது ஓலை வாசித்த நாள். தன் ஓலையைத் தானே கேட்கக் கூடாது என்று நம் பக்கத்துப் பெண்கள் அன்றைக்குக் கோயிலுக்கு வருவதில்லை, நீயும் வரவில்லை. ஆனால் உன் அத்தைக்கு வாய் இருக்கிறதே. மத்தியானம் தட்டில் கோழிக்கறி விளம்பும்போதே, "ஓலையில ஒனக்குத்தான் எம்.எஸ்சி., எம்.ஃபில்., உதவிப் பேராசிரியைன்னு நீளமா வாசிச்சாவ. பையனுக்கு வெறும் பேருதான் கேட்டியா, மொட்டையா இருந்து" என்று அவிழ்த்துவிட்டாள். நீ கரண்டியைக் கீழே வைத்தாய். ஓலை விவரங்களைக் கோயில் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தது நான் என்று உனக்குத் தெரியும். நம் சபையில் மாப்பிள்ளை பெண் இருவர் படிப்பையும் சேர்த்து வாசிப்பதுதான் வழக்கம் என்பதும் தெரியும்.

"அவருக்க படிப்பை ஏம்ப்பா விட்டிய?" என்று கேட்டாய்.

"டிப்ளமோ எல்லாம் ஒரு படிப்பாட்டீ? அதைக் கோயில்ல வேற வாசிக்கணுமோ?"

"அந்த டிப்ளமோவை வச்சுத்தான் அவரு ஊருத் துறைமுகத்துல பாதி போட் கடலுக்குப் போவுது. ஒங்க எம்.எஸ்சி.ய வச்சு என்னத்த ஓட்டுனிய?"

உன் அம்மா, "சோறு திங்கும்போது என்னத்துக்கு இந்தப் பேச்சு" என்று இடையில் விழுந்தாள். யார் கேட்டது? அஜின் என்ற பெயரை நான் அதுவரை வாயால் சொன்னதில்லை, 'அந்தப் பையன்' என்றுதான் சொல்லிவந்தேன். மண்டைக்காட்டுக்கு அந்தப் பக்கம் கடற்கரை, மீன்காரக் குடும்பம், வேறு சபை, போட் எஞ்சின் பழுதுபார்க்கிற தொழில். உண்மையைச் சொன்னால் இதில் ஒன்றுகூட எனக்குப் பெரிய தடை இல்லை. நம் சபையில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற பயம் ஒன்றுதான் தடை. அந்தப் பயத்தை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, படிப்பு என்று சொல்லிக்கொண்டேன். நீ எம்.எஸ்சி.யைப் பற்றிப் பேசியதும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "மூணாவது ஓலையில எழும்பி நிப்பேன், பாத்துக்க" என்றேன். "நில்லுங்க, யாரு வேண்டாம்னா?" என்றாய். அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

"பெத்தவன் சொல்லைத் தள்ளின எடத்துல நீ எனக்குப் பூஜ்யம். ஒரு எடத்துல பூஜ்யம்னா எல்லா எடத்துலயும் பூஜ்யம். நிரூபணம் ஒனக்குத் தெரியும்."

அம்மாவுக்கும் அத்தைக்கும் ஒன்றும் விளங்கவில்லை. உனக்கு விளங்கியது, உன் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். இந்தக் கடிதத்தை நீ அவர்களுக்கும் வாசித்துக் காட்டுவாய், காட்ட வேண்டும். அதனால் அவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதுகிறேன். ஒரு மிஷின் இருக்கிறது. ஒரு எண்ணை உள்ளே போட்டால் ஒரு எண் வெளியே வரும். உள்ளே என்ன நடக்கிறது, சூத்திரம் என்ன, ஒன்றும் தெரியாது. மூடியைத் திறந்து பார்க்க முடியாது. அதன் குணம் ஒன்றே ஒன்று மட்டும் தெரியும்: இரண்டு எண்களைக் கூட்டி உள்ளே போட்டால், தனித்தனியாகப் போட்டு வந்ததைப் பெருக்கினால் என்ன வருமோ அதுவே வரும். கணக்கில் எழுதினால் f(x + y) = f(x) × f(y). அந்த ஒரு குணத்தைப் பிடித்துக்கொண்டே மிஷினுக்குள் இருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். 1 போட்டால் 2 வருகிறது என்று ஒரு துப்பு கிடைத்தால், 2 என்பது 1 + 1, ஆகவே வருவது 2 × 2, அதாவது 4. 3 என்பது 2 + 1, வருவது 8. இப்படியே ஏறிக்கொண்டு போகலாம்.

துப்பே இல்லாவிட்டால்? ஏதோ ஓர் எண் a, அதைப் போட்டால் பூஜ்யம் வருகிறது என்று வை. உலகத்தில் எந்த எண் x-ஐ எடுத்தாலும் அதை (x − a) + a என்று உடைக்கலாம். அப்போது f(x) என்பது f(x − a) × f(a). அந்த f(a) பூஜ்யம். பூஜ்யத்தால் பெருக்கினால் பூஜ்யம். ஆகவே எதைப் போட்டாலும் பூஜ்யம்தான். ஒரு இடத்தில் இல்லையென்றால் ஒரு இடத்திலும் இல்லை. இதைத்தான் நான் சோற்றுத் தட்டின் முன்னால் இருந்துகொண்டு பெற்ற மகள் மேல் எறிந்தேன். நீ அழுவாய் என்று எதிர்பார்த்தேன். நீ அழவில்லை. பையில் துணியை எடுத்து வைத்து, வாசலில் நின்று சொன்னாய்.

"அதே நிரூபணத்தை மறுபக்கமா வாசிச்சுப் பாருங்கப்பா. ஒரே ஒரு எடத்துல பூஜ்யம் இல்லைன்னா, ஒரு எடத்துலயும் பூஜ்யம் கெடையாது. அப்படி ஒரு எடம் ஒங்ககிட்ட உண்டும்னா கண்டுபிடிச்சுட்டு வாங்க. இல்லைன்னா வராதீங்க."

கண்டுபிடித்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் ஒரு வாரம் நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. பல் தேய்க்கும்போதும் அதுதான், தென்னைக்குத் தண்ணீர் விடும்போதும் அதுதான். முதலில் நெய்யூர் ஆஸ்பத்திரி நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் உனக்கு மூளைக்காய்ச்சலோ என்று டாக்டர் சந்தேகப்பட்டபோது நான் வராந்தாத் தரையில் முழங்கால் போட்டிருந்தேன். அதை எழுதலாம் என்று நினைத்துப் பிறகு வேண்டாம் என்று விட்டேன். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்கு எந்த அப்பனும் முழங்கால் போடுவான். பத்தாம் வகுப்பு மார்க், கல்லூரித் தங்கப் பதக்கம், முதல் சம்பளத்தில் எனக்கு எடுத்த வேட்டி, எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். அதெல்லாம் நீ என் சொல்லைக் கேட்ட இடங்கள். சொல்லைத் தள்ளின இடத்தில் பூஜ்யம் என்றுதானே நான் சொன்னேன்? அப்படியானால் நீ என் சொல்லைத் தள்ளின இடத்திலேயே அது பூஜ்யம் இல்லை என்று காட்டினால்தான் நான் சொன்னது உடையும். தேடத் தேட எனக்குப் பயம் வந்தது. அப்படி ஒரு இடமே இல்லாமல் போனால் என்ன செய்வது, நான் சொன்னது சரியாகிவிடுமே என்று.

ஐயோ, கொஞ்சம் பொறு. கேட்டில் பைக் சத்தம்.

அஜின் வந்திருக்கிறான். உன் போன் அணைந்து கிடப்பதால் அவனுக்கும் நீ கிடைக்கவில்லை போல. நான் இருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே வரலாமா போகலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கடைசியில் உள்ளே வந்து பெஞ்சின் அந்தக் கடைசியில் உட்கார்ந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, ஆனால் நகக்கண்ணில் கருப்பு எண்ணெய் இருக்கிறது. காலையில் நான் எழும்பி நின்ற செய்தி அவன் ஊருக்கும் போயிருக்கும், அவன் முகம் அப்படித்தான் இருக்கிறது. இரண்டு பேர் நடுவே மூன்று ஆள் உட்காரலாம். வார்டன் அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சுவரில் கடிகாரத்தைப் பார்க்கிறார். எழுத்து கோணுவதைக் கண்டு சிரிக்காதே. எழுதி முடிக்காமல் நான் அவனிடம் பேசமாட்டேன்.

நீ பதினொன்றாம் வகுப்பில் என்னிடமே படித்தாய். பள்ளிக்கூடத்தில் நான் உனக்கு அப்பா இல்லை, 'சார்'. ஒரு நாள் இதே மிஷினைப் பலகையில் எழுதி f(0) காண்க என்றேன். x-க்கும் y-க்கும் பூஜ்யத்தைப் போட்டேன். 0 + 0 என்பது 0, ஆகவே f(0) = f(0) × f(0). உடனே இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு f(0)-ஐச் சாக்பீஸால் குறுக்கே அடித்துவிட்டு, விடை 1 என்று பெட்டி கட்டினேன். பெண்கள் வரிசையில் நீ எழுந்து நின்றாய்.

"சார், பூஜ்யமும் வருமே சார்."

"இரி."

"தன்னைத்தானே பெருக்கினா தானே வாறது ஒண்ணும் உண்டும், பூஜ்யமும் உண்டும். f(0) பூஜ்யமா இருந்தா அடிக்க முடியாதே சார், பூஜ்யத்தால வகுத்த மாதிரி ஆயிரும்."

"இரின்னு சொன்னேம்லா?"

நீ உட்காரவில்லை. நீ சொன்னது சரி. நின்ற நிலையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, காது சூடாகிவிட்டது. "வெளிய போய் நில்லு" என்றேன். நீ போனாய். அன்றைக்குச் சாயங்காலம் என் ஸ்கூட்டரில் ஏறாமல் பஸ்ஸில் வீட்டுக்குப் போனாய். இவ்வளவுதான் உனக்குத் தெரியும். மறுநாள் நான் அந்த இரண்டாவது விடையையும் பலகையில் எழுதிவிட்டு, என்னமோ முந்தின நாளே எழுதினது போல நடித்தேன் என்பதும் தெரியும். அதை வைத்து எத்தனை வருஷம் என்னைக் கேலி செய்தாய்!

உனக்குத் தெரியாதது இது. மணி அடித்ததும் நேரே டீக்கடைக்குப் போனேன். ஒரு பொட்டலம் நிறைய ரசவடை வாங்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்து எல்லாருக்கும் விளம்பினேன். பிசிக்ஸ் சார், "என்ன விசேஷம்?" என்று கேட்டார். "மகளுக்குப் பிறந்தநாள்" என்றேன். "ஓய், போன மாசம்தானே அவளுக்குப் பிறந்தநாள்னு கேக் தந்தீரு?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கடைசியில் உள்ளதைச் சொன்னேன். "எனக்க மகள் இன்னைக்கு எனக்கத் தப்பைப் பிடிச்சுப்போட்டா ஓய். வெளிய நில்லுன்னு சொல்லியும் நேரா நின்னு சொன்னா. நான் இத்தனை வருஷம் படிச்சுக் கொடுத்ததுல இவ ஒருத்திதான் படிச்சா" என்று சொல்லிக்கொண்டு நான் கண்ணைத் துடைத்தது அந்த அறைக்கே தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியாது. வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அந்தக் கிறுக்குத்தனத்தை என்ன சொல்ல! பிசிக்ஸ் சார் வியாழக்கிழமை வருவார், நீயே கேட்டுக்கொள்.

அதுதான் நீ கேட்ட இடம். நீ என் சொல்லைத் தள்ளின இடம். அத்தனை பிள்ளைகள் முன்னால் தள்ளின இடம். அங்கே நீ எனக்குப் பூஜ்யம் இல்லை மக்களே. அங்கே நீ எனக்கு இருந்த அளவுக்கு வேறெங்கும் இருந்ததில்லை. மீதி நிரூபணத்தை நீயே முடித்துக்கொள், நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

இது நேற்றுத்தான் எனக்குப் பிடிபட்டது. பிடிபட்டதும் இன்னொன்றும் உறைத்தது. அன்றைக்குப் பலகையில் செய்த அதே தப்பைத்தான் ஓலையிலும் செய்திருக்கிறேன். இன்னதென்று பார்க்காமலே, ஒன்றுமில்லை என்று நினைத்து ஒருவனுடைய படிப்பைக் குறுக்கே அடித்துவிட்டேன். அதனால் இன்று காலை கோயிலுக்குப் போகும்போதே எழுந்து நிற்பது என்று முடிவு செய்துதான் போனேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. போதகர் ஓலையை வாசித்தார். உன் பெயர் நீளமாக, அவன் பெயர் மொட்டையாக. "இவர்கள் இணைக்கப்படுவதற்குத் தடை சொல்ல யாருக்காவது காரணம் உண்டானால் தெரிவிக்கலாம்" என்றார். எத்தனை கல்யாணத்துக்கு இதைக் கேட்டிருப்போம், ஒரு மனுஷன் எழும்பியது உண்டா? நான் எழும்பினேன். பக்கத்தில் இருந்தவர் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "சார், இரியும், நாணக்கேடு" என்றார். பெண்கள் பக்கம் உன் அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். உன் அத்தை ஓடினது அப்போதுதான். கோயில் முழுக்க என்னையே திரும்பிப் பார்த்தது. பதினொன்றாம் வகுப்பில் எழுந்து நின்ற உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அந்த நேரத்தில்தான் தெரிந்தது.

போதகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சார்... தடை வல்லதும் உண்டுமா?" என்று கேட்டார்.

"தடை இல்ல ஐயா. ஓலையில பிழை உண்டும். எனக்க மாப்பிள்ளைக்க படிப்பை விட்டிருக்கு. டிப்ளமோ, மெக்கானிக்கல் எஞ்சினியரிங். விட்டது நான்தான், ஆபீஸ் ஆள்களைக் குத்தம் சொல்லண்டாம். அதைச் சேர்த்து இன்னொருக்கா வாசிக்கணும்."

போதகர் என்னைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து அந்தத் தாளில் எழுதி, முதலிலிருந்து மறுபடியும் வாசித்தார். நான் உட்காராமல் நின்றபடியே கேட்டேன். 'எனக்க மாப்பிள்ளை' என்று அத்தனை பேர் முன்னால் என் வாயால் வந்ததை நீ கேட்டிருக்க வேண்டும். உன் அத்தையும் கேட்டிருக்க வேண்டும், பாவி, அவள் வேப்பமரத்து மூட்டில் நின்றாள்.

இவ்வளவும் எழுதி முடித்ததும் தாள்களை அடுக்கி அஜினிடம் நீட்டினேன். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவன் வாசித்தான். மெதுவாகத்தான் வாசித்தான், கணக்கு வந்த இடத்தில் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு இரண்டு தடவை வாசித்தான். கடைசித் தாளுக்கு வந்ததும் அவன் கண் கலங்கியதைப் பார்த்து நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பெஞ்சு அசைந்தது. திரும்பினால் அவன் எழுந்து நிற்கிறான்.

"மாமா... சொன்னா தப்பா நினைக்கப்பிடாது. இதுல ஒரு பிழை உண்டும்."

"எங்க?"

"மெக்கானிக்கல் இல்ல மாமா. மரைன். டிப்ளமோ மரைன் எஞ்சினியரிங்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஒரு தடவைகூட நான் அவனிடம் கேட்டதில்லையே. கேட்காமலே எழுதாமல் விட்டேன், கேட்காமலே திருத்தினேன், திருத்தினதும் தப்பு. கோயில் முழுக்க என் மாப்பிள்ளை மெக்கானிக்கல் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. ஆனால் இந்தத் தடவை வெளியே போய் நில் என்று சொல்லவில்லை. பெஞ்சில் என் பக்கத்தைத் தட்டி, "இங்க வந்து இரி மக்கா" என்றேன். இப்போது எங்கள் நடுவே ஆள் உட்கார இடமில்லை.

மூன்று ஓலையும் முடிந்துவிட்டது, நான்காவது ஓலை கிடையாது. ஆனால் வியாழக்கிழமை பீடத்துக்கு முன்னால் போதகர் அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்பார். நான் இன்னொரு தடவை திருத்த வேண்டியிருக்கிறது. அந்தக் கூட்டத்தின் முன்னால் நான் தனியாக நிற்க முடியாது, என் கையைப் பிடித்துக்கொண்டு நீ பக்கத்தில் நிற்க வேண்டும். அத்தையின் போனை மட்டும் முதலிலேயே வாங்கி வைத்துவிடு.

வார்டன் அம்மா சாவியைக் கையில் எடுத்துவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் கீழே இருக்கிறோம். இறங்கி வா மக்களே.

அப்பா